கயிற்றுக்கு அந்தப் பக்கம்

‘10.05: மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லாம நான் எப்படி இருப்பேன் என்று அழ வேண்டும்.’

தன் மனைவியின் கையெழுத்தேதான். டிரைவிங் மாஸ்டர் காலையில் கண்ணாடிக் கூட்டை எடுத்தபோது, அதன் அடியில் அந்தத் தாள் இரண்டாக மடிந்து கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

‘10.15: அவர் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.’

அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. கீழ்ப்பாதியின் மடிப்பைப் பிரிக்காமலே சட்டைப் பையில் திணித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அவள் சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலக்கிக்கொண்டிருந்தாள். ரத்தம். தீ, வெள்ளம், வாயுக் கசிவு என்று வந்தால் யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒத்திகை நடத்திப் பழக்குவது அவள் வேலை. இன்றைக்குப் பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று.

“இன்னிக்குப் பொண்டாட்டி வேஷம் யாருக்கு?” என்றார்.

“வர்றதா இருந்த பொண்ணுக்குக் காய்ச்சலாம். நானே செஞ்சிடறேன்.”

“புருஷன்?”

“நாடகக்காரர்தான். அவரை மாதிரி வேற யாரு சாவாங்க?”

எட்டு ஒத்திகையில் எட்டு தடவை செத்தவர் அந்தச் சுருட்டைமுடிக்காரர். ஒருமுறை அவளை அழைத்துவரப் போன மாஸ்டர், அவர் நெற்றியில் அவள் அரைமணி நேரம் தூரிகையால் காயம் வரைந்ததைப் பார்த்துவிட்டார். அந்த அரைமணி நேரம் மாஸ்டருக்கு இன்னும் முடியவில்லை.

“நான் வேணா படுத்துக்கறேனே. கண்ணை மூடிட்டுக் கெடக்கறதுதானே?”

“உங்களுக்கு நடிப்பு வராதுங்க. பொய்க்கு இருமினாக்கூடக் காது செவந்துடும்.” அவள் கரண்டியை வைத்தாள். “நடிக்கிறவங்களைக் கண்டா காவலாளிங்களுக்கே சிரிப்பு வந்துடுது. போன வருஷம் நெஜமாவே தீப்பிடிச்சப்போ ஒருத்தர் கயிறைத் தாண்டி உள்ள ஓடினாரு, யாருக்கும் நிறுத்தத் தெரியல. அவர் தேடிப்போன தம்பி வெளியதான் நின்னுட்டிருந்தான்.”

மாஸ்டர் காதில் அது ஏறவில்லை. அவருக்குள் மணி பத்து பதினைந்தாகவே இருந்தது.

“பத்து மணிக்கு உங்களுக்கு கிளாஸ் இருக்கில்ல?”

“இருக்கு.”

அவள் திரும்பி அவர் காதை ஒருமுறை பார்த்தாள். பிறகு ரத்தத்தைப் பாட்டிலில் ஊற்றி மூடினாள்.

பத்து மணிக்கு டிரைவிங் ஸ்கூல் பூட்டிக் கிடந்தது. மாஸ்டர் அந்த அலுவலகக் கட்டடத்தின் எதிரே, நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

சங்கு ஒலித்தது. ஊழியர்கள் வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள். புல்தரையைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. அதற்குள்ளே ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து நாடகக்காரரைக் கிடத்தினார்கள். சாகும்போதும் ஆளுக்கு ஸ்டைல் குறையவில்லை.

பத்து ஐந்து. அவள் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் தன் கையைப் பிடித்து அவள் இப்படி அழுது மாஸ்டர் பார்த்ததில்லை. அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து கண் விழித்த அன்றுகூட, “செருப்பை எங்க விட்டீங்க?” என்றுதான் கேட்டாள்.

பத்து பதினைந்து. தலை மடிக்கு ஏறியது. நெற்றியில் ஒட்டியிருந்த முடிச்சுருளை அவள் விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டாள்.

அது தாளில் இல்லை.

மாஸ்டர் கண்ணை மூடிப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பிரேக் மிதிக்கக் கற்றுக்கொடுப்பவரின் கால் தானாக முன்னே போயிற்று. சாலையைக் கடந்தார், குனிந்தார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்தார்.

காவலாளி ஒருவர் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கையை விரித்து எதிரே நின்றார்.

“விடுங்கய்யா. அவ என் பொண்டாட்டி.”

“புரியுதுங்க ஐயா. உள்ள யாரையும் விடக்கூடாது. யாரைத் தேடறீங்க, பேரைச் சொல்லுங்க.”

“யாரையும் தேடல. அவ மடியில ஒருத்தன் கெடக்கான் பாரு, அவன்தான் வேணும்.”

“அவரை டாக்டர் பார்த்துக்குவாரு, ஐயா.”

“டாக்டருக்கு முன்னாடி நான் பார்த்துக்கறேன் அவனை.”

திமிறினார். ஒற்றைச் செருப்பு எங்கோ பறந்தது. காவலாளிகள் சிரிக்கவில்லை, பிடியைத் தளர்த்தவும் இல்லை. அப்படியே தூக்கிப்போய்க் கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தார்கள். செத்துக் கிடந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து வேடிக்கை பார்த்தார்.

அவள் எழுந்து வந்தாள். கன்னத்தில் ஈரம் காயவில்லை. வழியில் கிடந்த செருப்பை எடுத்துவந்து மாஸ்டரின் காலடியில் போட்டாள். ‘இன்றோடு முடிந்தது’ என்று நினைத்துக்கொண்டு அவர் தலையைக் குனிந்தார்.

மதிப்பெண் போட வந்திருந்த மேற்பார்வையாளர் அட்டையும் பேனாவுமாக ஓடிவந்தார்.

“யாரு மேடம் இந்த ஆளு, நடுவுல புகுந்து? இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஒரு சொந்தக்காரர் கயிறைத் தாண்டி ஓடி வரணும்னு கடைசி வரியில போட்டிருக்கீங்க. பேர் எழுதற இடம் காலியா இருக்கு. அவர் எங்க?”

மாஸ்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பத்து இருபதுக்குத்தான் வருவாருன்னு நெனச்சேன், சார். கொஞ்சம் முன்னாடியே வந்துட்டாரு.”