நடுராத்திரி ஜெபம்

"எங்க புள்ளைங்கள நடுராத்திரியில எழுப்பி, முழங்கால் போட வெச்சு, உங்க சாமியக் கும்பிடச் சொல்றாங்களாம். இது நியாயமாம்மா?"

பாகலூர் சென்னகிருஷ்ணன் நின்றுகொண்டே கேட்டார். நிலபுலம் உள்ள மனிதர். அவருக்குப் பின்னால் அதே ஊர்க்காரர்கள் இரண்டு பேர். மூன்று பேருடைய பெண்களும் மிஷன் ஹைஸ்கூல் போர்டிங்கில் தங்கிப் படிக்கிறார்கள்.

தலைமையாசிரியை சரோஜம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்படி ஒரு வழக்கமே இங்க கிடையாதுங்களே. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் ஒரு ஜெபம். அதுவும் இஷ்டப்பட்ட பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

"எம்பொண்ணு சம்பங்கிகிட்ட கேட்டா வாயே தொறக்கல. பயமுறுத்தி வெச்சிருக்கீங்க போல. இவரு பொண்ணுதான் லீவுல வந்தப்போ சொல்லுச்சு. தெனமும் எழுப்பறாங்களாம். படிக்கத்தான் அனுப்பினோம், மதம் மாத்தறதுக்கு இல்ல. வண்டி வெளிய நிக்குது. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறோம்."

கூட்டிப் போனால் அந்தப் பெண்கள் திரும்பி வர மாட்டார்கள். அடுத்த முகூர்த்தத்தில் தாய்மாமன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். நன்றாகப் படித்த பெண்கள் அப்படிப் போனதை சரோஜம்மாள் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தார்.

மேட்ரன் மார்த்தாளைக் கூப்பிட்டனுப்பினார்.

மார்த்தாள் வந்து மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. விட்டால் நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்தது.

"ராத்திரியில பிள்ளைங்களை எழுப்பி ஜெபம் பண்ண வைக்கறீங்களாமே, உண்மையா?"

"உண்மைதாங்கம்மா."

"எல்லாப் பிள்ளைங்களையுமா? இந்துப் பிள்ளைங்களையும் சேர்த்தா?"

"எல்லாரையும்தான்."

"யாரைக் கேட்டுச் செய்யறீங்க?"

"யாரையும் கேக்கல. நானாத்தான் செய்யறேன்."

"பாத்தீங்களா, அவங்க வாயாலேயே வந்துடுச்சு!" என்று சென்னகிருஷ்ணன் சத்தம் போட்டார். கோபத்தில் பாதிப் பேச்சு அவருடைய வீட்டு மொழியான தெலுங்கில் வந்தது.

மத்தியான வகுப்புகளில் பிள்ளைகள் தூங்கி வழிவது ஏன் என்று இப்போது சரோஜம்மாளுக்கு விளங்கியது. அவருக்கும் கோபம் வந்தது.

"கொஞ்சம் வராந்தாவுல இருங்க. நான் விசாரிச்சு முடிவு சொல்றேன்."

மூன்று பேரும் வெளியே போனார்கள். சரோஜம்மாள் கதவைச் சாத்தினார்.

"உங்க பக்தி பெரிசா இருக்கலாம், மார்த்தா. அதுக்காக ஊரான் வீட்டுப் பிள்ளைங்களைத் தூங்கவிடாம அடிக்கறதா? உங்களை வேலையில வெச்சிருந்தா நாளைக்கு இந்தப் போர்டிங்கே காலியாயிடும். இந்த மாசத்தோட நின்னுக்கங்க."

"சரிங்கம்மா" என்றார் மார்த்தாள்.

திரும்பி இரண்டடி வைத்தவர் நின்றார்.

"எனக்கப்புறம் வர்றவங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லி வையுங்க. எந்தச் சாக்காவது சொல்லி ராத்திரியில ஒரு தடவை எல்லாரையும் எழுப்பணும்."

"எதுக்கு?"

மார்த்தாள் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு பொண்ணு தூக்கத்துல பாயை நனைச்சிடுதும்மா. பெரிய பொண்ணு. வந்த புதுசுல விடியறதுக்கு முன்னாடி எழுந்து, யாருக்கும் தெரியாம பாயை அலசிட்டு, கெணத்தடியில உக்காந்து அழும். நான் பாத்துட்டேன். செத்துப் போயிடறேன்னுச்சு."

"ஐயோ... டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டினேன். ராத்திரியில ஒரு தடவை எழுப்பிக் கொல்லைப்பக்கம் அனுப்பிட்டா சரியாப் போயிடும், வயசானா தானா நின்னுடும்னார். ஆனா அதை மட்டும் தனியா எழுப்பினா பக்கத்துல படுத்திருக்கிற புள்ளைங்க சும்மா விடுமா? மறுநாளே பேர் வெச்சிடும். அதான் ஜெபம்னு சொல்லி எல்லாரையும் எழுப்பறேன். ஜெபம் ரெண்டே வரிதாம்மா. முடிச்சதும் விளக்கை எடுத்துட்டு எல்லாரையும் வரிசையாக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"இதை அவங்க எதிர்ல சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா இன்னிக்குச் சாயங்காலமே ஊர் பூரா தெரிஞ்சிடும். நாளைக்கு யாரு அந்தப் பொண்ணைக் கட்டுவாங்க? என் வேலை போனாப் போகட்டும்."

"யாரு அந்தப் பொண்ணு?"

"பேரை மட்டும் கேக்காதீங்கம்மா."

சரோஜம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்து, மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ராத்திரி ஜெபம் இன்னியோட சரி. இனிமே கிடையாது."

மூன்று பேர் முகத்திலும் திருப்தி.

"ஆனா வயசுப் பொண்ணுங்க தங்கற இடம். காலமும் சரியில்ல. அதனால ராத்திரியில ஒரு தடவை எல்லாரையும் எழுப்பி, வெளிய கூட்டிட்டுப் போய், ஆள் சரியா இருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் மறுபடி படுக்க வைப்போம். மேட்ரன் அம்மாதான் இதைக் கவனிச்சுக்குவாங்க. தூக்கம் கெடுதுன்னு நாளைக்கு யாரும் வந்து நிக்கக் கூடாது."

"நாங்க எதுக்கு நிக்கறோம்? இதுதாம்மா பொறுப்பு! இந்தக் கண்டிப்பைப் பாத்துத்தான் இங்க சேத்தோம்" என்றார் சென்னகிருஷ்ணன். அவருடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

வாசல் வரை போனவர் மார்த்தாள் பக்கம் திரும்பினார்.

"எம்பொண்ணு ஒரு தூங்குமூஞ்சிம்மா. லேசுல எந்திரிக்க மாட்டா. அவள மட்டும் மறக்காம மொதல்ல எழுப்பிடுங்க."

மார்த்தாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"அவளைத்தாங்க தெனமும் மொதல்ல எழுப்பறேன்."