இன்னும் ஒரு பெயர்

"இதுல என் கவிதை எதுன்னு கண்டுபிடி, பார்க்கலாம். கண்டுபிடிச்சிட்டா நாளைக்கே அப்பாகிட்ட நம்ம கல்யாணப் பேச்சை எடுக்கிறேன்" என்று கிசுகிசுத்தாள் தொமோகா.

சுகுருவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கவிதைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். மட்சுயாமா ஹைக்கூ சங்கத்தின் புத்தாண்டுக் கூட்டத்துக்குள் அவன் நுழைந்ததே பாதியில்தான். டிராமைத் தவறவிட்டிருந்தான். மேஜையின் அந்தக் கோடியில் தொமோகாவின் அப்பா குரோகி. ஒரு வருஷமாக அவனை வாசற்படி மிதிக்க விடாத மனிதர். இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் பேரே போடலையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதுதானே வேடிக்கை! பிடிச்ச கவிதையை நீ படி. எழுதினவங்க தன் பேரைச் சொல்லுவாங்க."

தாள்கள் கை மாறி வந்தன. பனி, பிளம் மொட்டு, முதல் சூரியன்... அவனுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அடுத்த தாளைப் பார்த்ததும் குஷியாகிவிட்டான். பென்சிலை அழுத்தி எழுதிய, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. சாப்பாட்டு டப்பாவில் அவள் வைக்கும் சீட்டுகளில் தினமும் பார்ப்பதாயிற்றே! மாட்டினியா மகளே!

புத்தாண்டு விருந்து
குச்சி உறையில் எழுதிப் பார்க்கிறேன்
இன்னும் ஒரு பெயர்

புத்தாண்டு விருந்தில் வீட்டு மனுஷர்களுக்குத்தான் சாப்பிடும் குச்சியின் உறையில் பெயர் எழுதி வைப்பார்கள். அந்த இன்னொரு பெயர் தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு அதை இன்னொரு முறை படித்தான்.

"புதுசா வந்த தம்பி, உங்களுக்கு எது பிடிச்சது?" என்று கேட்டார் சங்கத் தலைவி.

சுகுரு உரக்கப் படித்தான்.

"அடடா! யாருதுப்பா இது?"

அவன் தொமோகாவை முழங்கையால் இடித்தான். "சொல்லேன்! உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"திருடா, கையெழுத்தைப் பார்த்தா கண்டுபிடிச்சே?" அவள் கண் கலங்கியிருந்தது. "அது தெரியக்கூடாதுன்னுதான் ஒருத்தர் கவிதையை இன்னொருத்தர் நகல் எடுத்துச் சுத்தவிடுவோம். லேட்டா வந்த உனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்!"

"அப்போ இதை எழுதினது யாரு?"

மேஜையின் அந்தக் கோடியில் ஒருவர் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொன்னார்:

"குரோகி."