செல்வராணியின் தப்பு

"ஒரே ஒரு இடத்துல தப்பா அமுக்கிட்டு, எங்களை மதுரைக்கு அலைய விட்டுட்டீங்களே அக்கா!"

ஜாஸ்லின் போட்ட சத்தத்தில் பீச் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் செல்வராணி எழுந்து நின்றாள்.

கால்நடை மருத்துவப் படிப்புக்கு ஜாஸ்லினின் விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பியவள் அவள்தான். அன்று ஜாஸ்லினுக்குக் காய்ச்சல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா இனிகோதான் சான்றிதழ்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இட ஒதுக்கீட்டுப் பிரிவைக் குறிக்க வேண்டிய இடத்தில் 'பொதுப் பிரிவு' என்று பதிவாகிவிட்டது. கிடைத்திருக்க வேண்டிய சீட் கைநழுவிப் போனது. திருத்தித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, தேதி முடிந்துவிட்டதென்று பல்கலைக்கழகத்தில் கைவிரித்துவிட்டார்கள். இப்போது மதுரை ஹைகோர்ட்டில் வழக்கு.

"உட்காரு தாயி. மோர் குடிக்கியா?"

"ஒண்ணும் வேண்டாம். என்னைவிட மார்க் கம்மியா எடுத்தவ காலேஜுக்குப் போறா. நான் வீட்டுல கெடக்கேன். கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து தூங்குனீங்களா?"

"என் தப்புதான் பிள்ள. இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கணும்."

இனிகோ வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"சாதிச் சான்றிதழையாவது ஒழுங்கா ஏத்தியிருக்கீங்க" என்றாள் ஜாஸ்லின். " அதை வச்சுத்தான் வக்கீல் வாதாடப் போறாரு. தப்பு நடந்தது உங்க சென்டர்லதான்னு மனுவுல கடை பேரையும் எழுதியாச்சு."

"எழுதட்டும்."

"என் கூடப் படிச்சவங்க யாரும் இனிமே இங்கன வரமாட்டாங்க. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

செல்வராணி தலையை மட்டும் ஆட்டினாள். "வாங்கப்பா, போவோம்" என்று ஜாஸ்லின் விறுவிறுவென இறங்கி நடந்தாள்.

அடுத்த மாதம் இனிகோ தனியாக வந்தார். கடையில் ஆளே இல்லை.

"தங்கச்சி, தீர்ப்பு வந்துட்டு. சான்றிதழ் சரியா இருக்கையில, விண்ணப்பத்துல வந்த பிழைக்காகப் பிள்ளையோட படிப்பைக் கெடுக்கக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு. சீட் குடுத்துட்டாங்க. நாளைக்குச் சேரப் போறா."

செல்வராணிக்குக் கண் கலங்கியது. "உங்க மாதா கைவிடல அண்ணாச்சி."

இனிகோ போகாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அன்னைக்கு அவ அவ்வளவு பேச்சு பேசியும் எப்படித்தான் சும்மா இருந்தியோ! 'என் மக மார்க்குக்கு ஒதுக்கீடு எதுக்கு, பொதுப் பிரிவுன்னே போடு'ன்னு மெதப்புல சொன்னவன் நான்லா? வேண்டாம் அண்ணாச்சின்னு நீ எவ்வளவோ சொன்ன. அதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம். என்கூடச் சண்டை போட்டுட்டு அவ உங்க கூட வீட்டுக்கு வந்துட்டா. உங்ககூடச் சண்டை போட்டிருந்தா எங்க அண்ணாச்சி போயிருப்பா?"