ஒட்டவைத்த தட்டு

"இதை நானே உட்கார்ந்து ஒட்டினேன், கண்ணு. இடுப்பே ஒடிஞ்சிடுச்சு," என்றாள் மிசஸ் ஹேடன், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நீலப்பூத் தட்டைக் காட்டி.

டெலீஷா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வசந்தம் வந்தால் மிசிசிப்பியின் அந்த மூலையில் பழைய பருத்தித் தோட்ட மாளிகைகள் எல்லாம் கதவைத் திறந்துவிடும். குடைபோல விரிந்த பாவாடை கட்டிக்கொண்டு, அடிமை முறையைக் காப்பாற்ற நடத்திய அந்தப் பழைய உள்நாட்டுப் போரில் தாங்கள் தோற்கவே இல்லை என்பதுபோல, வீட்டுக்காரப் பெண்கள் வாசலில் நின்று எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள்.

டெலீஷா சாறு குடிக்க வரவில்லை.

அவள் அம்மாவின் முன்னோர்கள் இந்தப் பருத்திக் காட்டில்தான் அடிமைகளாக இருந்து செத்தார்கள். அவர்களை எங்கே புதைத்தார்கள்? சாகும்வரை அம்மா இதே கதவைத் தட்டிக் கேட்டாள். கல் இல்லை, குறிப்பு இல்லை, எங்களுக்குத் தெரியாது என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தார்கள். பட்டம் வாங்கிய மகள் போய்க் கேட்டால் சொல்வார்கள் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை.

மகளும் கேட்டாகிவிட்டது, வாசலிலேயே. அதே சிரிப்பு. "அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வா, சாப்பாட்டு அறையைக் காட்டுறேன்."

பெட்டிக்குள் தட்டுகள், கோப்பைகள், ஒரு விளக்குச் சிம்னி, மருந்து பாட்டில். கீழே பித்தளைத் தகட்டில், 'வேலைக்காரர்களின் கவனக்குறைவால் உடைந்தவை.'

வேலைக்காரர்களாம். பிடிக்காவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார்கள் போல.

"உங்க ஆளுங்களைச் சும்மா சொல்லக் கூடாது, பாட்டு நல்லாப் பாடுவாங்க. ஆனா கையில ஒரு சாமான் நிக்காது," மிசஸ் ஹேடன் சிரித்தாள். "உடைச்சிட்டு எசமானியம்மா பார்வையில படாம ஒளிச்சு வெச்சிருக்காங்க, பாவம். வேடிக்கை என்னன்னா, எல்லாத்துலயும் அடியிலதான் ஓட்டை."

திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது.

டெலீஷா குனிந்து பார்த்தாள். தட்டுக்கு நடுவில் வெள்ளைப் பசை. கோப்பைக்கு அடியில் வெள்ளைப் பசை. கைதவறி விழும் கோப்பைக்குக் காது போகும், விளிம்பு போகும். எல்லாமே ஒரே இடத்திலா உடையும்?

"இதெல்லாம் எங்க கிடைச்சது?"

"தேவதாரு மரத்தடியிலதான். கார் நிறுத்த இடம் வேணும்னு சமப்படுத்தினோமே, அப்போ. மண்ணுமேலயே கிடந்துச்சு. ரெண்டு ரெண்டா, மூணு மூணா, வரிசையா."

போன குளிர்காலத்தில், அம்மா கடைசியாகக் காபி குடித்த கோப்பையைத் துண்டில் சுற்றி, அடியில் சுத்தியலால் ஓங்கி அடித்தவள் டெலீஷாதான்.

அவர்கள் வீட்டில் அப்படித்தான். செத்தவர் கடைசியாகத் தொட்டதை உடைத்து, குழிமேட்டில் வைக்க வேண்டும். உடைத்தால்தான் சாவு அத்தோடு நிற்கும். உடைக்காவிட்டால் வீட்டில் அடுத்த ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

கல் நட வழியில்லாதவர்களுக்கு அதுதான் கல். அதைப் பொறுக்கிக் கழுவி, பசை போட்டு ஒட்டி, பூட்டி வைத்திருக்கிறாள் இவள்.

சன்னலுக்கு வெளியே தேவதாரு மரங்கள் தெரிந்தன. அடியில் சரளைக்கல் கொட்டிய தரை. வரிசையாகக் கார்கள். அதில் முதலாவதாக, நிழல் பார்த்து அவளே கொண்டுவந்து நிறுத்திய சிவப்புக் கார்.

ஓடினாள்.

காரைப் பின்னால் எடுத்து, நுழைவழிக்குக் குறுக்கே போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றாள். மிசஸ் ஹேடன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

சுற்றுலா பஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னம்மா, குறுக்க நிறுத்திட்ட? உள்ள இவ்வளவு இடம் காலியாக் கிடக்கே!"

"காலி இல்ல," என்றாள் டெலீஷா. "ஆளுங்க இருக்காங்க."