டிக்கோயா ஏற்றம்

மஸ்கெலியாத் தோட்டத்து லொறி டிரைவர் இராயப்பனைப் பற்றி எல்லோரும் ஒன்றுதான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு ஹட்டன் போகவே போதாத பெற்றோலில் அவர் போய்த் திரும்பிவிடுவார்.

அன்று லொறியின் பின்னால், இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்காமல், ஹட்டனில் ரயிலேறி இந்தியா போகும் மூன்று குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு இருந்தன. முன்னால், கணக்கெழுதப் புதிதாக வந்த கிளாக்கர் ஞானரட்ணம்.

“சமதரையிலயும் ஏன் ரெண்டாவது கியர்லயே போறீங்க? பெற்றோலக் குடிச்சிருமே!”

“பாரம் ஜாஸ்திங்கய்யா.” அவர் குரலில் உயிரே இல்லை.

“முகத்த ஏன் இப்படி வச்சிருக்கீங்க? உங்களுக்குத்தான் பிரஜாவுரிமை கிடைச்சிருச்சே!”

இராயப்பன் கியரை மாற்றாமலே ஓட்டினார். நோர்வூட்டில் தேநீர் குடிக்க நிறுத்தியவர், எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

“அணைச்சா இந்தக் குளிருக்கு மறுபடி கிளம்பாதுங்க” என்றார்.

டிக்கோயா தாண்டி, ஏற்றத்தில் லொறி இருமி இருமி நின்றது. பெற்றோல் தீர்ந்துவிட்டது. தூரத்தில் ரயில் கூவுவது கேட்டது.

“போச்சு! உங்களப் பத்தி என்னென்னமோ சொன்னாங்களே!” கிளாக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள். ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்தவரின் தோளைத் தொட்டாள்.

“அப்பா, நாளைக்கும் ரயில் இருக்குப்பா.”

இராயப்பன் நிமிர்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“தெரியும் ஐவி. இன்னைக்கு ஒரு ராத்திரி நம்ம வீட்டுல இருந்துட்டுப் போங்கம்மா.”