ஓட்டுப் போடாத டோனல்

"பாராட்டிப் பேசத்தானே கூப்பிட்டிருக்காங்க? பேசறேன். எனக்கு வேலை கிடைக்காமப் பண்ண மகான் இவர்தான்னு வாயாரப் பாராட்டறேன்" என்றாள் நூலா, முட்டை சாண்ட்விச் தட்டைத் தள்ளி வைத்தபடி.

பக்கத்தில் இருந்த பேராசிரியர் ஃபெர்கஸ் டீயை உறிஞ்சினார். தொண்ணூறைத் தொடப்போகும் வயது. காது மட்டும் கச்சிதம்.

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே. கோபத்தை விஸ்கி மாதிரி பீப்பாய்ல போட்டு வச்சிருக்கியா?"

"நல்லாத்தான் முதிர்ந்திருக்கு ப்ரொஃபசர்."

டப்ளின் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் டோனலுக்கு இன்று பணி ஓய்வு விழா. நிதி அமைச்சக ஆட்கள், மத்திய வங்கி ஆட்கள் என்று கூடம் நிரம்பி வழிந்தது. விழா நாயகனோ கெட்டிலோடு அலைந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். கல்யாணம் காட்சி இல்லாமலே காலத்தை ஓட்டிவிட்ட மனுஷன்.

இரண்டு வருஷம் முன்பு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த நூலாதான் இப்போது அந்த நிறுவனத்துக்குத் தலைவி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் கதை வேறு. ஊரில் வேலை என்பதே கிடையாது. படித்த பிள்ளைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏன் போகிறார்கள் என்று இங்கே தற்காலிக வேலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் நூலா. எதிர் மேஜை டோனலுக்கு. மத்தியானத்தில் இருவரும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து ஒரே பொட்டலம் சூடான உருளைக்கிழங்கு சிப்ஸைப் பங்கு போடுவார்கள். வினிகர் போதாது என்று அவள் சண்டை பிடிப்பாள். அதை நினைத்தால் இப்போதும் அவள் மனசு இளகித்தான் போகிறது.

அந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. கிடைத்தால் ஊரோடு இருந்துவிடலாம். தேர்வுக் குழுவில் ஐந்து பேர். ஃபெர்கஸ் தலைவர், ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்ட டோனல் ஓர் உறுப்பினர். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்றுதான் நினைத்தாள்.

நேர்காணல் முடிந்து அவள் வராந்தாவில் காத்திருந்தபோது டோனல் மட்டும் வெளியே வந்தான்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இல்ல. நான் ஓட்டுப் போடல."

"ஏன்டா?"

"உன்னைத் தெரிஞ்சவன் நான். முறையில்ல."

தெரிந்தவர்கள் எல்லாம் எழுந்து போவதென்றால் டப்ளினில் எந்தக் குழுவிலும் நாற்காலிகள்தான் மிஞ்சும். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் அவளுக்குப் பாடம் எடுத்தவர். இன்னொருவர் அவள் சித்தப்பாவோடு சீட்டாடுகிறவர். அவர்கள் யாரும் அசையவில்லை.

மிச்சம் இருந்த நால்வரில் இரண்டுக்கு இரண்டு. தலைவரின் கூடுதல் ஓட்டில் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. அன்று டோனலோடு பேச்சை நிறுத்தியவள், அடுத்த மாதமே மினசோட்டாவுக்கு விமானம் ஏறினாள். அங்கே பேர் கிடைத்தது. ஒரு கல்யாணம் நடந்து, முறிந்தும் போனது. திரும்பி வந்த பிறகும் அவனோடு ஆபீஸ் பேச்சு மட்டும்தான்.

"உனக்கு எதிரா ஓட்டுப் போட்டவன் நான். என்கிட்ட மட்டும் சிரிச்சுப் பேசறியே?" என்றார் ஃபெர்கஸ்.

"நீங்க மனசுல பட்டபடி போட்டீங்க. அவன் யோக்கியன்னு பேர் வாங்க என்னைக் கைவிட்டான். ஃப்ரெண்டுன்னா எழுந்து போகணும்னு எந்த விதியில இருக்கு?"

"எந்த விதியிலயும் இல்ல."

"பாத்தீங்களா!"

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார் கிழவர். டப்ளினில் வேறெந்த ரகசியமும் தங்காது; தேர்வுக் குழு ரகசியம் மட்டும் தங்கும்.

"குழுவில பேசினதை வெளிய சொல்லக் கூடாது. சொன்னா இனிமே என் வேலையா போயிடப் போகுது? அவன் எழுந்ததும் நானும் இதையேதான் சொன்னேன். 'உக்காருப்பா, சொந்தக்காரங்க மட்டும்தான் வெளிய போகணும். அந்தப் பொண்ணு உனக்கு உறவா?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"காது வரைக்கும் சிவந்து போச்சு அவனுக்கு. 'இன்னும் இல்ல சார். இன்னைக்கு சாயங்காலம்தான் அவளைக் கேக்கப் போறேன்'னான்."