காரம் பத்தல

சாயங்கால மாத்திரையை விழுங்கிவிட்டு, அந்த ஓய்வுபெற்ற தேர்தல் வியூக வகுப்பாளர் ஒரு கட்சித் தலைவியைத் தாக்கும் பத்திரிகை அறிக்கையைப் படித்துப் பார்த்தார்.

"காரம் பத்தல. 'தலைவிக்கு மேடையில் பேசவே தெரியாது'ன்னு சேரு."

டைப்பிஸ்ட் தயங்கினார். "ஐயா, அந்தம்மா கட்சியே கரைஞ்சு போச்சு. செத்த பாம்பை எதுக்கு அடிக்கணும்?"

"சொன்னதை அடி."

ஈவிரக்கம் பார்க்காத மனுஷர். ஒரு தேர்தலில் அந்தத் தலைவியின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையே பத்திரிகைக்குக் கொடுத்து, டெபாசிட் இழக்க வைத்தவர்.

அறிக்கை நிருபர்களுக்குப் போன பத்தாவது நிமிடம் போன் அடித்தது. தலைவியேதான். இவர் கூப்பிட்டால் எடுக்கவே எடுக்காத எண். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"எனக்கா பேசத் தெரியாது? அன்னிக்கு நம்ம பீரோவைத் திறந்து என் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தீங்க. விவாகரத்து ஆகி இருபது வருஷமாச்சு. இன்னுமா உங்களுக்கு ஆத்திரம் தீரல?"

நாலு நிமிடம் கொட்டித் தீர்த்த குரல், மூச்சு வாங்கிக் கொஞ்சம் இறங்கியது.

"சரி, வைக்கிறேன். பிரஷர் மாத்திரை போட்டாச்சா?"

டைப்பிஸ்ட் மேஜை மேலிருந்த காலியான தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

"இல்லையே, மறந்துட்டேன்" என்றார் அவர்.

"அதானே பார்த்தேன்! என்னிக்குத்தான் உங்களுக்கு உடம்பு மேல அக்கறை இருந்திருக்கு?" என்று அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.